பதினோராம் நாள், கறுப்பு

எண்ணெய் ஒன்றுதான்.
கோயம்புத்தூரிலிருந்து ஒரே கேனில் வந்த ஆளிவிதை எண்ணெய்.
தகடும் ஒன்றுதான், தூரிகையும், என் கையும்.
மாறுவது பொடி மட்டும்.

கோத்தகிரியில், தெற்கு பார்த்த சரிவில்
பன்னிரண்டு தகடுகளைச் சாய்த்து வைத்திருக்கிறோம்
நானும் போஜனும்.
கொழுந்துக் கூடையோடு போகிறவர்கள் நின்று கேட்பார்கள்
என்னங்க இது?
காயப் போட்டிருக்கோம்.
இந்த ஊர்லயா!
வளைவு திரும்பும்வரை கேட்கும் சிரிப்பு.

துணி காய்வது வேறு.
அது தண்ணீரை விட்டு லேசாகும்.
எண்ணெய் காற்றைக் குடித்துக் கனக்கும்.
தராசில் நிறுத்திருக்கிறேன்:
காயக் காய ஒரு குன்றிமணி கூடுதல்.

பழுப்பு அம்பர் அவசரக்காரன்.
உள்ளே மாங்கனீசு வைத்திருக்கிறான்.
இன்று பூசினால் நாளைக்கு விரல் வழுக்கும்.
காவி, நம் வண்டிப்பாதை மண்ணின் உறவு,
மழையிடமும் என்னிடமும் எதுவும் கேட்டதில்லை.
துத்தநாக வெள்ளை பல்லைப்போல வெளுப்பு
பல்லைப்போலவே கடினம்.
பென்சில் தடிமன் கம்பியில் வைத்து வளைத்தேன்.
டிக்.
குறுக்கே முடியிழையாய் ஒரு கோடு.

கறுப்புதான் தொல்லை.
விளக்குக் கரி. கைப்பிடிப் பொடி
குடம் எண்ணெய் கேட்கும்.
குடித்தபின் அதைக் காயவும் விடாது,
காற்றின் குறுக்கே கை நீட்டிக்கொண்டு நிற்கும்.
கீழே சமவெளியில் நாலு நாள்.
இங்கே மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மூட்டம் ஏறி
மதியம் இரண்டு மணிக்கே தகடுகளைத் தின்றுவிடுகிறது.

ஏழாம் நாள் ஒரு விட்டில் ஒட்டிக்கொண்டது.
அதற்குக் கட்டம் இல்லாததால்
'பிற' என்ற இடத்தில் போஜன் எழுதினான்:
பூச்சி, ஒன்று. உயிருடன் விடுவிக்கப்பட்டது, கால் ஒன்று நீங்கலாக.

ஒன்பதாம் நாள் அவனே கட்டைவிரலை வைத்தான்.
புதைந்தது.
அழிக்கலாமா என்றேன்.
வேண்டாம் மேடம், அது டேட்டா என்றான்.

அன்றுதான் சொன்னான், தங்கை கல்யாணத்து வாசல் கதவை.
கறுப்பு அடித்தாயிற்று. அபசகுனம் என்று மாமா கத்த
முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில்
பிசுக்குப் போகாத கறுப்பின்மேல்
சீக்கிரம் காயும் வெள்ளை.
போட்டோவில் பளபளப்பு.
ஆறாம் மாதம் கதவு முழுக்க வெடிப்பு,
கோடையில் வற்றிய குட்டையின் தரை.
அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருந்தால்
மேலே விறைத்தது என்ன செய்யும்?
தெரிஞ்சேதான் அடிச்சேன் என்றான்.
பூச்சுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டுக் கதவு!

தலைமை அலுவலகம் கடிதம் போட்டது:
கறுப்பு தாமதம். கோபால்ட் கூட்டிப் போடவும்.
போட்டோம்.
மேலே ஒரே நாளில் தோல் கட்டியது.
அடியில் குழம்பு.
மூன்றாம் நாள் ஆறிய பாலின் ஆடையாய்ச் சுருங்கிக் கிடந்தது.
அதையும் படம் எடுத்து அனுப்பினோம்.
பதில் இல்லை.

பதினோராம் நாள் காலை
மருந்து சேர்க்காத பழைய கறுப்பைத் தொட்டேன்.
என் விரல் சுத்தமாகத் திரும்பி வந்தது.
எழுதினேன். யாரையாவது கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது.
போஜன் திருப்பூருக்கு நேர்காணலுக்குப் போயிருந்தான்.

முப்பதாம் நாள் வளைப்புச் சோதனை.
போஜன் அதற்குள் திருப்பூரில் சாயப்பட்டறையில் சேர்ந்துவிட்டான்.
துத்தநாகம் உடைந்த அதே கம்பி.
கறுப்பை மெதுவாக மடக்கினேன், காதை அருகில் வைத்துக்கொண்டு.
சத்தம் இல்லை.
நடுவில் அவன் கட்டைவிரல் ரேகை
வட்டம் வட்டமாய் நீண்டு
நான் விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது.

படிவத்தில் எழுதியது:
விரிசல் இல்லை.
பிற: மனித ரேகை, ஒன்று. கெட்டியாக இருக்கிறது.